உமிக்கரி தேய்த்த வளையம்

சென்ற மாதம் போனில் பேசும்போது, மகளே, நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். "என் மொதப் பிரசவத்துக்கு அம்மா ஆஸ்பத்திரிக்கே வரல்லல்லப்பா. மாட்டைப் பாக்கணும்னுட்டாங்க. அன்னைக்கு மாடுதான் பெருசாப் போச்சு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் அதை மறக்காமல் வைத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

போனை வைத்ததும் அடுப்படியிலிருந்து உன் அம்மா கேட்டாள், "என்ன சொல்றா?" சொன்னேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "நீங்க எழுதிடுங்களேன். எனக்கு வாயால சொல்ல வராது. ஆனா கண்டபடி எழுதாதீங்க, சுத்தமா எழுதுங்க" என்றாள்.

சுத்தமாக எழுத வழியில்லை. விஷயமே நாற்றத்தைப் பற்றியது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், சுற்றி வளைத்து எழுதவும் வராது. துபாயில் இருக்கும் உன் தம்பியும் இதைப் படிக்கட்டும். ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று நினைக்கக் கூடாது. அவனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

உன் தம்பி பிறந்த அந்தக் குறுவையில், பச்சை உடம்போடு உன் அம்மா நடவுக்குப் போனாள். குனிந்து நடுவது ஒரு பக்கம், நாற்றுக்கட்டை ஈரத்தோடு தலையில் தூக்கி வரப்பில் நடப்பது ஒரு பக்கம். அதில் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. நம் ஊரில் அதற்கு அடியிறக்கம் என்று பெயர். பேர் இருக்கிறதே தவிர யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். நடவாட்களில் பாதிப் பேருக்கு இருக்கும், அந்தப் பாதிப் பேரும் இல்லாத மாதிரியே நடப்பார்கள். உன் அம்மாவும் துணியை முடிந்து கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டினாள். உனக்குக் கல்யாணமாகிப் போன பிறகுதான், நிற்கவே முடியாமல் போய், தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சர்க்கரை அதிகமாக இருக்கிறது, அது இறங்கினால்தான் ஆபரேஷன் என்றார்கள். அதுவரைக்கும் தாங்கிக்கொள்ள ஒரு வளையம் வைத்துவிட்டார்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் வளையம், கைவளையலைவிடச் சற்றுத் தடிமன். உள்ளே வைத்தால் அது கர்ப்பப்பையை ஏந்திக்கொள்ளும். "அப்பப்ப எடுத்து நல்லா சுத்தம் பண்ணி வச்சுக்கங்கம்மா" என்றார்கள். எப்படிச் சுத்தம் பண்ணுவது என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கழுவுவது எப்படி என்று யாராவது கேட்பார்களா?

வளையம் வந்ததும் உன் அம்மா நிமிர்ந்து நடந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அப்புறம் அந்த வாடை வர ஆரம்பித்தது.

எப்படிச் சொல்வது? ஊறவைத்த நெல் தொட்டியில் தண்ணீர் மாற்றாமல் விட்டால் புளித்து ஒரு நெடி வரும். அதில் கெட்ட மீனையும் கலந்தால் எப்படி இருக்கும், அப்படி. நான் அப்போது அரிசி மில்லில் இருந்தேன். அவித்த நெல்லின் வாடையிலேயே பிழைப்பு நடத்தியவன். எனக்கே தாங்கவில்லை. ராத்திரி மில்லில் வேலை என்று சொல்லி அங்கேயே மூட்டை மேல் படுத்துக்கொள்வேன். சோறு போடக் குனிந்தால் மூச்சை அடக்கிக்கொள்வேன். அவளுக்கு அது தெரியும். சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்வாள்.

வீட்டை அப்போது பார்த்துக்கொண்டது உங்கள் அத்தை. என் அக்கா, புருஷன் போன பிறகு நம்மோடு வந்து இருந்தவர். நல்லவர்தான், உங்களைத் தூக்கி வளர்த்தவர். ஆனால் அந்த வளையத்தை முதல்நாள் பார்த்ததுமே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்: "இந்தாம்மா, அந்தத் தீட்டுச் சாமானை வீட்டுக்குள்ள கழுவப்படாது. சாமி இருக்கிற வீடு. மாட்டுக் கொட்டாய்ல வச்சுக்க." உன் அம்மா சரி அண்ணி என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அது எந்த இடத்தில் இருக்கிறது, எதில் கழுவுகிறாள் என்று நான் எட்டிப் பார்க்கவே இல்லை. பார்க்க அருவருப்பு.

நீ பிரசவத்துக்கு வந்தபோது நிலைமை இதுதான். மாப்பிள்ளை சவுதியில். உன் மாமியார்தான் உன்னைக் கொண்டுவந்து விட்டார். அன்றைக்கு உன் அம்மா காப்பி கொடுக்க வந்தாள். டம்ளரை நீட்டியதும் உன் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னங்க, இங்க எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று கேட்டார். உங்கள் அத்தை சட்டென்று, "ஆமாங்க சம்பந்தி, வைக்கோப்போர்ல ஒண்ணு செத்துக் கெடக்கு, தேடிக்கிட்டே இருக்கோம்" என்றார். உன் அம்மா டம்ளரோடு கொல்லைக்குப் போனவள்தான். அன்றிலிருந்து நீ இருக்கும் அறைப் பக்கமே வரவில்லை. 'புள்ளத்தாச்சிக்கு இந்தக் காத்து படப்படாது' என்று அத்தை உத்தரவு போட்டிருந்தார். உனக்குச் சொன்னது, அம்மாவுக்கு முதுகுப் பிடிப்பு என்று.

வலி எடுத்த அன்றைக்கு வேன் வாசலில் நின்றது. நீ ஏறி உட்கார்ந்துகொண்டு, "அம்மா வா, வந்து உக்காரு" என்று கையை நீட்டினாய். உன் அம்மா புடவை மாற்றிப் பையும் எடுத்து வைத்திருந்தாள். அத்தை அவள் காதருகில் சொன்னது எனக்குக் கேட்டது: "வார்டுல நாலு பேரு மூக்கைப் பொத்துவாங்க. சம்பந்தி வேற வருவா. புள்ளை மொகத்துல முழிக்கிறதுக்கு முன்னாடி மானம் போவணுமா?" உன் அம்மா பையைக் கீழே வைத்தாள். "மாடு இருக்குல்லடி, யாரு பாப்பா? நீ போயிட்டு வா" என்றாள். நீ கேட்டது அந்தச் சொல்லைத்தான். அதற்கு முந்தின சொல் உன் காதில் விழவில்லை.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அத்தையைத் துணைக்கு விட்டுவிட்டு, வெந்நீர் பிளாஸ்க் மறந்துபோனதால் நான் மட்டும் பஸ்ஸில் திரும்பி வந்தேன். வீட்டில் ஆளைக் காணோம். கொட்டகைப் பக்கம் 'சரட் சரட்' என்று தேய்க்கிற சத்தம். போய்ப் பார்த்தேன்.

உன் அம்மா சாணிக்குழி ஓரம் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் தேங்காய் நார், ஒரு கையில் அந்த வளையம். பக்கத்தில் உடைந்த ஓட்டில் உமிக்கரி. சுவரில் விளக்கு மாடம் மாதிரி ஒரு குழி. அதில் ஒரு கொட்டாங்கச்சி. அதுதான் வளையத்துக்கு வீடு. கொட்டாங்கச்சிக்குள் எட்டிப் பார்த்தேன். பல்லிப் புழுக்கை, செத்த எறும்பு, அடியில் கறுப்பாக ஒரு வழுவழுப்பு. வளையத்தை வைத்து எடுத்து, வைத்து எடுத்து அந்தக் கறுப்பு ஏறியிருந்தது. மேலே விளக்கெண்ணெய் வாடை. அதற்கு மேல் பினாயில் வாடை. வேலியோரம் போய் வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த காப்பி அப்படியே வந்தது.

திரும்பி வந்தபோதும் அவள் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்ன புள்ள பண்ற?"

"பாத்தா தெரியல்ல? தேய்க்கிறேன். சுத்தமாயிட்டா அடுத்த பஸ்ஸு புடிச்சு வந்துடலாம்னு பாக்குறேன். தேய்க்கத் தேய்க்க நாறுதுங்க. என் பாவம், தேய்க்கத் தேய்க்க நாறுது."

"பினாயில் யாரு ஊத்துனது?"

"அண்ணிதான் குடுத்தாங்க. கக்கூஸு வாடையே அதுல போவுது, இது போவாதான்னாங்க. ஊறப்போட்டேன். எடுத்து வச்சா எரிச்சல் உயிரு போவுது. அதுக்குத்தான் வெளக்கெண்ணெ தடவிக்கிறேன்."

அவள் கையிலிருந்து வளையத்தை வாங்கினேன். வாங்கினேன் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். கை போக மறுத்தது. ஒரு வாழைச்சருகைக் கிள்ளி அதை வைத்துத்தான் பிடித்தேன். பிறகு சருகு ஒட்டிக்கொண்டது. சருகை உரித்தேன், விரல் ஒட்டியது. பிசுபிசுவென்று, வெயிலில் வைத்த மிட்டாய் மாதிரி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் மேலெல்லாம் கீறல். கீறல் ஒவ்வொன்றிலும் கறுப்புக் கரி.

அப்போதுதான் எனக்கு மில்லின் ஞாபகம் வந்தது. மில்லில் உமியை ஊதி வெளியே தள்ளும் இரும்புக் குழாய் இருக்கும். பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கிற உமி அந்த இரும்பை அரித்து, வளைவில் ஓட்டை போட்டுவிடும். வருஷா வருஷம் ஒட்டுப்போடுவோம். நெல்லை உடைக்கிற ரப்பர் ரோலர் பக்கத்தில் எண்ணெய் கேனை வைக்கவே விட மாட்டார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். இரும்பையே தின்கிற உமியைக் கரியாக்கி, நாரில் தொட்டு, இந்த மெத்தென்ற சாமானைத் தேய்த்தால் அது என்ன ஆகும்? ஊரே பல் தேய்க்கிற உமிக்கரி. பித்தளைக் குடம் தேய்த்தால் தங்கமாக மின்னும். அதைவிடச் சுத்தமானது நம் வீட்டில் எதுவும் இல்லை என்றுதான் அவள் அதை எடுத்திருக்கிறாள். தேய்க்கத் தேய்க்கக் கீறல். கீறலில் அழுக்கு. அழுக்கில் நாற்றம். நாறுகிறதே என்று மறுபடியும் தேய்ப்பு.

"இதை இனிமே வைக்காத" என்றேன்.

"வைக்காம எப்புடி நிக்கிறது?"

"நிக்க வேணாம். படு. நாளைக்குத் தஞ்சாவூரு போவோம்."

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதற்குள் உன் பிள்ளை பிறந்துவிட்டான். நீ என் தோளுக்குப் பின்னால் பார்த்தாய். அம்மா வருகிறாளா என்று பார்த்தாய். நான், "மாடு..." என்று தொடங்கி முடிக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் உன் அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். முன் சீட்டில் இருந்த பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றுகொண்டாள். காலி சீட்டை விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூர் வரைக்கும் நின்றே வந்தாள். அவள் மேல் எனக்கு வந்த கோபத்தைவிட, நானும் இத்தனை மாதம் மில்லில் போய்ப் படுத்தது அவள் மாதிரிதானே என்று வந்த குமட்டல் பெரிதாக இருந்தது.

அங்கே டாக்டரம்மா பார்த்துவிட்டு வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். "என்னம்மா இது, உள்ளெல்லாம் புண்ணு, மண்ணு மாதிரி கறுப்பா வருது. என்ன போட்டீங்க?"

"உமிக்கரிங்க."

"உள்ளேயா?"

"ஐயோ, இல்லீங்க. வளையத்தைத் தேய்ச்சேன்."

டாக்டரம்மா பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு நர்சைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு யாரு சொல்லி அனுப்புனது, என்ன சொல்லி அனுப்புனீங்க?" என்று கேட்டார். புண் ஆறும் வரை வளையம் கூடாது, களிம்பு தடவ வேண்டும், எழுந்து நடமாடக் கூடாது, ஆறினால் வேறு வளையம், ஆறாவிட்டால் வளையமே கிடையாது என்றார். சர்க்கரை இறங்காமல் ஆபரேஷனும் இல்லை. அப்படியானால் காலம் முழுக்கப் படுக்கைதான். உன் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "பேரப்புள்ளையத் தூக்கலாமுங்களா?" டாக்டரம்மா, "ஆறட்டும்" என்றார்.

ஆகவே நீ பிள்ளையோடு வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா பின்னறையில் படுத்திருந்தாள். பிள்ளை அழும்போதெல்லாம் அங்கிருந்து, "பசிக்கிது போல", "வயித்து வலி போல" என்று குரல் மட்டும் வரும். உனக்கு அது எரிச்சலாக இருந்திருக்கும். எழுந்து வந்து பார்க்காமல் படுத்துக்கொண்டே பேசுகிறாளே என்று. எழுந்தால் அவளால் நிற்க முடியாது, மகளே. அப்போதும் உனக்குச் சொன்னது முதுகுப் பிடிப்பு என்றுதான். களிம்பு தடவுவதை நான் பார்த்துக்கொண்டேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் முதலில் செய்தேன். புண் ஆற ஆற வாடை குறைந்தது. ஒருநாள் துண்டைக் கட்ட மறந்துபோனேன். அவள்தான், "இன்னிக்குத் துண்டு எங்க?" என்று கேட்டாள்.

புண் ஆறியதும் புது வளையம் கொடுத்தார்கள். இது வேறு சரக்கு, சிலிகான் என்றார்கள், தொட்டால் வழவழவென்று இருந்தது. இந்தத் தடவை நர்சம்மாவை உட்கார வைத்து நான் கேட்டுக்கொண்டேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். கழுவுகிற கையை முதலில் கழுவ வேண்டும். வாசனை இல்லாத சாதாரணக் குளியல் சோப்பு, வெதுவெதுப்பான நல்ல தண்ணீர், விரல், இவ்வளவுதான். நார் கூடாது, பிரஷ் கூடாது, கரி, சாம்பல், சோப்புத்தூள் எதுவும் கூடாது. பினாயில், பிளீச்சிங் கிட்டவே வரக் கூடாது. அவை அந்தச் சாமானிலும் ஏறும், பிறகு உடம்பிலும் ஏறும். சோப்பு துளியும் இல்லாமல் அலசி, சுத்தமான துணியால் ஒற்றி, காற்றில் உலர விட வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் அதிலேயே கெடும். வைக்கும்போது எண்ணெய் வேண்டாம், அவர்கள் கொடுக்கிற, தண்ணீரில் கரையும் களிம்பு போதும். கீறலோ, வெடிப்போ, பிசுபிசுப்போ தெரிந்தால் அன்றோடு அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எந்தச் சாமானுக்கு எது ஆகும் என்பது மாறும், அதனால் கொடுத்தவர்களிடமே கேட்டுவிட வேண்டும், வெட்கப்படக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அத்தையோடு சண்டை. சத்தம் உனக்கும் கேட்டிருக்கும், எதற்கென்று தெரிந்திருக்காது. நான் அடுப்படியில் ஒரு புதுக் கிண்ணத்தை வைத்து வெந்நீர் ஊற்றினேன்.

"டேய் தம்பி, அதை எங்க கொண்டுவர்ற? அடுப்படியிலயா?"

"ஆமாக்கா."

"சீச்சீ! நான் இந்த அடுப்புல இனிமே சோறாக்க மாட்டேன்."

"ஆக்காதக்கா. கொட்டாய்ல போயி ஆக்கு. பல்லிப் புழுக்கை இருக்கு, செத்த எறும்பு இருக்கு, நீ வச்ச எடம்தானே. அங்க சோறு நல்லா வேவும்."

அத்தை என்னை முறைத்தார். பிறகு கொட்டகைக்கே போய்விட்டார், கோபத்தில். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் கையில் அந்தக் கொட்டாங்கச்சி இருந்தது. குச்சியால் நெம்பி எடுத்து வந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "இதுலயாடி வச்சிருந்த? நான் கொட்டாய்ல வையின்னுதானே சொன்னேன், இப்புடியா வையின்னேன்?" என்று உன் அம்மாவைத் திட்டினார். திட்டிக்கொண்டே அதை எரியும் அடுப்பில் போட்டார். அது எரிந்த நாற்றம் சாயங்காலம் வரை வீட்டில் இருந்தது. அன்று அவர்தான் சமைத்தார், அதே அடுப்பில். யாராலும் சாப்பிட முடியவில்லை.

உன் மாமியார் உன்னை அழைத்துப்போக வந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நீ உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாய். கொல்லையில் பூவரச நிழலில் கொடி கட்டியிருந்தது. பிள்ளையின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதே கொடியில், ஒரு சுத்தமான வெள்ளைத் துணிப்பைக்குள், வளையமும் தொங்கியது. உன் அம்மா எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தாள். காலையில் கொஞ்ச நேரம் எடுத்துக் கழுவிக் காயவிட்டு, மறுபடி வைத்துக்கொள்வாள். காய்கிற நேரத்தில் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, கால் மேல் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டுவாள். உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான், நல்ல பொருத்தமாக இருந்தது.

உன் மாமியார் துணியெடுக்கப் போனவர் பையைத் தொட்டுப் பார்த்தார். "இது என்னங்க சம்பந்தி, வளையலா?"

அத்தை வாயைத் திறந்தார். என்ன பொய் சொல்லப்போகிறாரோ என்று நான் பார்த்தேன். உன் அம்மா முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க. எனக்கு அடியிறக்கம். அதைத் தாங்குற வளையம். கழுவிக் காயப்போட்டிருக்கேன்."

"சீ!" என்று உன் மாமியார் கையை உதறினார். அந்தக் கையைப் புடவையில் துடைத்தார். அப்புறம் பிள்ளையின் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து உருவினார். "புள்ளைத் துணியோட போய் இதை..."

"அந்தத் துணியில காலையில பேண்டது யாருங்க? ஒங்க பேரன்தானே?" உன் அம்மா குளிப்பாட்டுவதை நிறுத்தவில்லை. "அதைக் கழுவுன அதே கையிதான் இதையும் கழுவுது. இதுவாவது சொன்னபடி கெடக்குது. ஒங்க பேரனைப் பாருங்க, இப்பக்கூட என் மேலயே பேஞ்சுக்கிட்டு இருக்கான்."

நிஜமாகவே பெய்துகொண்டுதான் இருந்தான். அத்தை சிரித்துவிட்டார். உன் மாமியார் சிரிக்கவில்லை. துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடியே நின்றார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். மூட்டை மேல் படுத்த காலத்தில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உன் அம்மா பிள்ளையைத் துவட்டி என் கையில் கொடுத்தாள். கொடிக்குப் போய்ப் பையை எடுத்தாள். வளையத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், கீறல் இருக்கிறதா என்று. பிறகு மூக்கருகில் கொண்டுபோனாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது நிமிர்ந்து நடந்து வந்து, பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, உன்னை எழுப்பப் போனாள்.